லிஃப்ட் செய்த வண்டிக்கு நீள ஷாக் மாட்டுவது: அளவெடுப்பதிலிருந்து கடைசி இறுக்கம் வரை

வண்டியை 4 அங்குலம் தூக்கியாயிற்று, பெரிய டயரும் போட்டாயிற்று, ஷாக் அப்சார்பர் மட்டும் பழையதே. இப்படி ஓடும் ஆஃப்ரோடு வண்டிகள் நிறைய உண்டு. தார்ச்சாலையில் ஒன்றும் தெரியாது. ஒரு பின்சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போதுதான் அடியில் 'டங்' என்று கேட்கும். ஸ்பிரிங் இன்னும் கீழே போகத் தயாராக இருக்கிறது, ஷாக்கோ நீண்டு முடிந்துவிட்டது. அந்த நொடியில் ஆக்சில், சக்கரம் எல்லாம் ஷாக்குக்குள் இருக்கும் பிஸ்டனிலும் மேலே உள்ள பிராக்கெட்டிலும் தொங்குகின்றன. இதே அடி திரும்பத் திரும்ப விழுந்தால் ஷாக்கின் கண் (முனையில் போல்ட் நுழையும் வளையம்) பிய்ந்து வரும், இல்லையென்றால் பிராக்கெட்டின் வெல்டிங் விரியும்.

அதனால் நீள ஷாக் தேவை என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. '4 அங்குல லிஃப்டுக்கு உள்ள ஷாக்' என்று கேட்டு வாங்கி, அப்படியே மாட்டிவிடுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது. லிஃப்ட் எத்தனை அங்குலம் என்பது தேடலைத் தொடங்க உதவும் ஒரு எண், அவ்வளவுதான். உங்கள் வண்டிக்குச் சரியான ஷாக் எது என்பதை அளவு டேப்தான் சொல்லும்.

இங்கே சொல்வதெல்லாம் இரண்டு சக்கரத்தையும் ஒரே ஆக்சில் இணைக்கும் அமைப்புக்கு, அதாவது பட்டை ஸ்பிரிங்கோ காயில் ஸ்பிரிங்கோ உள்ள சாலிட் ஆக்சிலுக்குப் பொருந்தும். முன்சக்கரங்கள் தனித்தனியாக ஆடும் இண்டிபென்டன்ட் சஸ்பென்ஷன் என்றால் கதை வேறு. அங்கே பல வண்டிகளில் சக்கரம் எவ்வளவு தொங்கலாம் என்பதைத் தீர்மானிப்பதே ஷாக்தான். அதை நீளமாக்கினால் மேல் பால் ஜாயின்ட்டும் (சக்கரத்தைத் தாங்கும் ஆர்மின் முனையில் உள்ள உருண்டை மூட்டு) சிவி ஜாயின்ட்டும் (சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்ட்டின் மூட்டு) தாங்காத கோணத்துக்குப் போய்விடும். அந்த முன்பக்கத்துக்கு, ஆர்ம்களோடு சேர்த்து வடிவமைத்த முழு கிட் தவிர வேறு எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மூடினால் எவ்வளவு நீளம்?

ஒவ்வொரு ஷாக்குக்கும் இரண்டு அளவு உண்டு: முழுக்க இழுத்தால் எவ்வளவு, முழுக்க அமுக்கினால் எவ்வளவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே அதன் ஸ்ட்ரோக். இரு முனையிலும் கண் உள்ள ஷாக்கில் கண்ணின் நடுவிலிருந்து கண்ணின் நடு வரை அளப்பார்கள். ஒரு முனையில் மரை போட்ட தண்டு வருவதென்றால் எந்த இடத்திலிருந்து அளந்திருக்கிறார்கள் என்று தயாரிப்பாளரின் படத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாரும் ஒரே இடத்திலிருந்து அளப்பதில்லை.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் முதல் அளவை மட்டும் பார்க்கிறார்கள். ஆனால் ஷாக்கின் ராடு முழுவதும் அதன் உடலுக்குள் (குழாய்க்குள்) நுழைய வேண்டும் என்பதால், இழுத்தால் நீளமாக வரும் ஷாக் மூடினாலும் நீளமாகத்தான் இருக்கும். லிஃப்ட் செய்த வண்டியை இது எங்கே கடிக்கிறது என்று பாருங்கள். லிஃப்டினால் மாறியது வண்டி நிற்கும் உயரம். ஆக்சில் மேலே ஏறி பம்ப் ஸ்டாப்பில், அதாவது அதைத் தடுத்து நிறுத்தும் ரப்பர் கட்டையில், மோதும் இடம் மாறவில்லை. பம்ப் ஸ்டாப்பையும் சேர்த்துக் கீழே இறக்காத வரை, முழு அமுக்கத்தில் ஷாக்குக்கு முன்பு எவ்வளவு இடம் இருந்ததோ இன்றைக்கும் அதே இடம்தான். அங்கே நீள ஷாக்கை நுழைத்தால், ரப்பர் தன் வேலையை முடிக்கும் முன்பே ஷாக் மூடிக்கொள்ளும். பிறகு வருகிற அடி முழுவதும் இரும்பின் மேல் இரும்பு. ராடு வளையும், சீல் போகும், மேல் மவுன்ட் கிழியும்.

குட்டையான ஷாக்கைவிட இது மோசம் என்பேன். கீழே தொங்கும்போது ஷாக்கை இழுப்பது ஆக்சிலின் எடையும் ஸ்பிரிங்கில் மிச்சமிருக்கும் விசையும்தான். மேலே மோதும்போது வண்டியின் எடை, ஏற்றிய சுமை, வந்த வேகம் எல்லாம் சேர்ந்து இறங்குகின்றன.

எனவே விதி இதுதான்: ஆக்சில் மேலே போனால் பம்ப் ஸ்டாப்தான் அதை நிறுத்த வேண்டும், கீழே போனால் ஸ்பிரிங் அல்லது லிமிட் ஸ்ட்ராப் (ஆக்சிலை சேசிஸோடு கட்டி, குறித்த அளவுக்கு மேல் தொங்கவிடாத பட்டை) நிறுத்த வேண்டும். இரண்டு முனையிலும் ஷாக்குக்குள் 12 முதல் 25 மி.மீ. வரை ஓட்டம் மிச்சம் இருக்க வேண்டும்.

அளவெடுப்பு

சமதளமான, கெட்டியான தரையில் வண்டியை நிறுத்துங்கள். வழக்கமாக ஏற்றிச் செல்லும் சாமான்கள் வண்டியிலேயே இருக்கட்டும். ஒவ்வொரு சக்கரத்தின் பக்கமும் இரண்டு அளவு எடுங்கள்: ஷாக்கின் மேல் போல்ட் நடுவிலிருந்து கீழ் போல்ட் நடு வரை ஒன்று, பம்ப் ஸ்டாப்பின் நுனிக்கும் அது மோதும் தளத்துக்கும் உள்ள இடைவெளி இன்னொன்று. இடதும் வலதும் ஒன்றாக இருக்கும் என்று நினைத்து ஒரு பக்கத்தோடு நிறுத்தாதீர்கள். ஒரு பக்கம் ஸ்பிரிங் உட்கார்ந்துபோன வண்டிகள் சகஜம்.

அடுத்தது தொங்கல். தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். சேசிஸைத் தூக்கி, அதன் கீழ் வண்டியின் எடையைத் தாங்கும் ஸ்டாண்டுகளை நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழையவே கூடாது. ட்ராலி ஜாக்கியால் ஆக்சிலைத் தாங்கிக்கொண்டு, பழைய ஷாக்குகளின் கீழ் போல்ட்டைக் கழற்றி, ஜாக்கியை மெல்ல மெல்ல இறக்குங்கள். ஒவ்வொரு அங்குலத்துக்கும் நின்று பிரேக் ஹோஸைப் பாருங்கள். அது விறைக்கத் தொடங்கினால் அங்கேயே நிறுத்துங்கள். ஷாக்கைக் கழற்றிய பிறகு ஆக்சிலைப் பிடித்து வைத்திருப்பது அந்த ஹோஸ் மட்டும் என்ற நிலை வரவே கூடாது. காயில் ஸ்பிரிங் வண்டியில் இன்னொன்றும் உண்டு: ஆக்சில் அதிகம் இறங்கினால் காயில் தளர்ந்து இருக்கையை விட்டுக் கழன்று விழும். கையையும் தலையையும் அந்தப் பக்கம் வைக்காதீர்கள்.

ஆக்சில் இதற்கு மேல் இறங்காது என்ற இடத்தில் மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் உள்ள தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதோடு விட்டுவிடாமல், தொங்கும் ஆக்சிலின் ஒரு பக்கத்தை மட்டும் ஜாக்கியால் ஏற்றி மறுபக்கத்தைத் திரும்ப அளந்து பாருங்கள். ஒரு சக்கரம் மேலே ஏறி மற்றது கீழே போகும்போது, இரண்டும் சேர்ந்து தொங்கியதைவிட அதிகம் இறங்கும் வண்டிகள் உண்டு. எது பெரிய அளவோ அதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

மூன்றாவது, முழு அமுக்கம். காயில் வண்டியில் இது சுலபம். காயிலைக் கழற்றி வைத்துவிட்டு, ஆக்சிலை ஜாக்கியால் பம்ப் ஸ்டாப் தொடும்வரை ஏற்றி அளந்துவிடலாம். பட்டை ஸ்பிரிங்கில் அவ்வளவு எளிதல்ல, வண்டி தூக்கிக்கொள்ளுமே தவிர பட்டை மடங்காது. அங்கே கணக்குதான் கைகொடுக்கும்: நிற்கும்போதைய ஷாக் நீளத்திலிருந்து பம்ப் ஸ்டாப் இடைவெளியைக் கழியுங்கள், அதோடு ரப்பர் எவ்வளவு நசுங்குமோ அதையும் கழியுங்கள். சாதாரண ரப்பர் ஸ்டாப் பலமான அடியில் பாதி உயரத்துக்கு நசுங்கும் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பான கணக்கு. நுரை வகை ஸ்டாப் அதைவிட அதிகமாக அமுங்கும்.

ஷாக் சாய்ந்திருந்தால் இந்தக் கழித்தலைக் கொஞ்சம் திருத்த வேண்டும். ஆக்சில் 100 மி.மீ. நகரும்போது, செங்குத்திலிருந்து 30 டிகிரி சாய்ந்த ஷாக் ஏறக்குறைய 87 மி.மீ. நகரும், 45 டிகிரி சாய்ந்தது ஏறக்குறைய 71 மி.மீ. நகரும். ஆட்டத்தை அடக்கும் சக்தி இன்னும் வேகமாகக் குறையும். 30 டிகிரியில் செங்குத்து ஷாக்கின் முக்கால் பங்குதான் கிடைக்கும், 45 டிகிரியில் பாதிதான். நீள ஷாக்கை எப்படியாவது நுழைக்க அதைப் படுக்க வைக்கலாமே என்று தோன்றுபவர்கள் இந்தக் கணக்கை மறக்க வேண்டாம்.

எண்களை வைத்துத் தேர்வு

ஒரு பின் ஆக்சிலை எடுத்துக்கொள்வோம். ஷாக் ஏறக்குறைய செங்குத்தாக இருக்கிறது. வண்டி நிற்கும்போது நீளம் 540 மி.மீ. பம்ப் ஸ்டாப் இடைவெளி 110. ஸ்டாப்பின் உயரம் 60, அதில் பாதி நசுங்கினால் 30. ஆக முழு அமுக்கத்தில் ஷாக்குக்கு இருக்கும் இடம் 400 மி.மீ. முழுத் தொங்கலில் அளந்தது 690. இரு பக்கமும் 15 மி.மீ. மிச்சம் வைத்தால், நமக்கு வேண்டியது மூடினால் 385-க்கு மேல் போகாத, இழுத்தால் 705-க்குக் குறையாத ஷாக்.

அப்படி ஒரு ஷாக் கிடைக்காது. கண், சீல், பிஸ்டன், உள்ளே காஸுக்கான இடம் என்று ஷாக்கில் ஓட்டத்துக்கு உதவாத நீளம் கொஞ்சம் எப்போதும் இருக்கும். அதை 145 மி.மீ. என்று கொண்டால், இழுத்து 705 வரும் ஷாக் மூடும்போது 425 இருக்கும். நம்மிடம் உள்ள இடத்தைவிட 40 மி.மீ. அதிகம்.

இப்போது எதையாவது விட்டுக்கொடுத்தாக வேண்டும். 705 ஷாக்கையே வாங்கி, பம்ப் ஸ்டாப்பின் கீழ் 40 மி.மீ. ஸ்பேசர் வைக்கலாம். தொங்கல் முழுவதும் கிடைக்கும், மேலே 110-ல் 70 மட்டும் மிஞ்சும். அல்லது ஸ்பேசரே இல்லாமல், மூடினால் 385, இழுத்தால் 625 உள்ள ஷாக்கை வாங்கி, 610-ல் ஆக்சிலை நிறுத்தும் லிமிட் ஸ்ட்ராப் கட்டலாம். மேலே ஒன்றும் குறையாது, கீழே 80 மி.மீ. போய்விடும். நடுவில் 405/665 ஷாக், 20 மி.மீ. ஸ்பேசர், 650-ல் ஸ்ட்ராப். கவனித்தால் ஒன்று புரியும்: மேலே 20 விட்டுக்கொடுக்கும் ஒவ்வொரு முறையும் கீழே 40 கிடைக்கிறது.

பாறையில் மெதுவாக ஏறி இறங்குபவருக்குச் சக்கரம் தரையைவிட்டு எழாமல் இருப்பதுதான் முக்கியம், அவர் 705-ன் பக்கம் சாயலாம். மண்சாலையில் வேகமாகப் போகிறவருக்கும் பின்னால் பாரம் ஏற்றுகிறவருக்கும் மேல்பக்க இடம்தான் உயிர். எதுவும் தெளிவாகத் தெரியவில்லை என்றால் நடுவில் உள்ளதை எடுங்கள். முதல் முறை மாட்டுபவர்களுக்கு நான் சொல்வது எப்போதும் அதுதான். மேல் மவுன்ட்டை வெட்டி உயரத்தில் வெல்டு செய்தால் இந்த இழுபறியே இருக்காது என்பது உண்மை, ஆனால் அது நல்ல ஃபேப்ரிகேட்டரின் வேலை.

பழைய ஷாக்கின் முனையில் இரும்புத் துண்டு சேர்த்து நீட்டும் எக்ஸ்டென்ஷன் பிராக்கெட்டும் கிடைக்கிறது. அது தொங்கலில் கொஞ்சம் சேர்த்துக் கொடுக்கும், அதே அளவை மூடிய நீளத்திலும் சேர்த்துவிடும், ஸ்ட்ரோக்கில் ஒரு மில்லிமீட்டரும் கூடாது. நான் அதை வாங்க மாட்டேன்.

நீளம் முடிவானபின் பார்க்க வேண்டியது உள்ளே இருக்கும் வால்விங், அதாவது எண்ணெய் ஓட்டத்தைத் தடுத்து ஆட்டத்தை அடக்கும் வால்வுகளின் அமைப்பு. லிஃப்டோடு கனமான ஸ்பிரிங் போட்டிருந்தால், அது திரும்பி உதைப்பதை அடக்க ரிபவுண்டில் (ஷாக் நீளும் பக்கம்) வலுவான ஷாக் வேண்டும். ஸ்பிரிங்கின் விவரத்தைச் சொல்லிக் கேளுங்கள். ட்வின் டியூபா (ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு குழாய்) மோனோ டியூபா (ஒரே குழாய்) என்பதில் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: மோனோ டியூபைத் தலைகீழாகவும் மாட்டலாம், ட்வின் டியூபை மாட்டக் கூடாது. மாட்டினால் வால்வு எண்ணெய்க்குப் பதில் காற்றை இழுக்கும்.

ஷாக் நீண்டால் கூடவே நீள வேண்டியவை

இதுவரை குட்டை ஷாக், தெரியாமலே பல உதிரிகளைக் காப்பாற்றி வந்திருக்கும். அதை எடுத்தவுடன் ஆக்சில் இன்னும் கீழே போகும், அதோடு எல்லாம் இழுபடும். பிரேக் ஹோஸ் முதலில். முழுத் தொங்கலிலும், முன்பக்கம் என்றால் ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுக்க ஒடித்த நிலையிலும் அதில் தொய்வு இருக்க வேண்டும். பிறகு ஏபிஎஸ் வயர், ஹேண்ட்பிரேக் கேபிள், டிஃபரன்ஷியலின் பிரீதர் குழாய் (காற்று போய்வரும் குழாய்). ப்ரொபல்லர் ஷாஃப்ட்டின் ஸ்லிப் ஜாயின்ட் (நீண்டு சுருங்கும் மூட்டு) எவ்வளவு வெளியே வந்திருக்கிறது என்று பார்த்து, தொங்கிய நிலையில் ஷாஃப்ட்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். எங்கேயாவது சிக்கினால் யூனிவர்சல் ஜாயின்ட் அதன் கோண எல்லையைத் தொட்டுவிட்டது என்று பொருள். அப்போது ஷாஃப்ட்டை மாற்றும் வரை லிமிட் ஸ்ட்ராப் கட்டாயம். ஸ்ட்ராப் சுமையில் கொஞ்சம் இழுபடும் என்பதால் குறித்த அளவைவிடச் சற்றுக் குட்டையாகக் கட்டுங்கள்.

மாட்டும் வேலை

முந்தின நாளே நட்டுகளில் துரு இளக்கும் எண்ணெயை அடித்து வைத்தால் பாதி வேலை முடிந்தது. மரையில் ஒட்டிய மண்ணைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் கழற்றுங்கள். மறுபக்க ஷாக் ஆக்சிலைப் பிடித்துக்கொண்டிருக்கும், எது எப்படி இருந்தது என்று பார்த்துக்கொள்ளவும் உதவும்.

தண்டு வகையில் மேல் நட்டைத் திருப்பினால் தண்டும் சேர்ந்து சுற்றும். தண்டின் நுனியில் தட்டையாக வெட்டிய இடம் இருக்கும், அதை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு நட்டைச் சுழற்றுங்கள். பழையதைத் தூக்கி எறியப் போவதால் அதன் ராடைப் பிளையரால் பிடித்தாலும் தவறில்லை. புதியதில் அதைச் செய்யவே கூடாது. பளபளக்கும் ராடில் ஒரு கீறல் விழுந்தால், அது மேலும் கீழும் போகும் ஒவ்வொரு முறையும் சீலை அறுக்கும். காஸ் நிரப்பிய பழைய ஷாக்கைச் சூடாக்குவதும் வெட்டுவதும் ஆபத்து. துருப்பிடித்தால் போல்ட்டை அறுங்கள், ஷாக்கின் உடலைத் தொடாதீர்கள்.

புதிய ஷாக் ட்வின் டியூப் என்றால் மாட்டும் முன் நேராக நிறுத்தி, முழுக்க இழுத்து முழுக்க அமுக்குவதை நாலைந்து முறை செய்யுங்கள். படுக்கையில் கிடந்தபோது உள்ளே நுழைந்த காற்று வெளியேறி, இடையில் தொய்வில்லாமல் ஒரே சீராக ஓடும். காஸ் ஷாக் ஒரு பட்டையால் கட்டி வரும். மேல் முனையை மாட்டி, கீழ் கண்ணை பிராக்கெட்டுக்கு நேராகக் கொண்டுவந்தபின் அந்தப் பட்டையை அறுங்கள். முன்பே அறுத்தால் அது முழு நீளத்துக்கும் நீண்டு நிற்கும், மறுபடி அமுக்கக் கை வலிக்கும். துளைகள் நேர்படவில்லை என்றால் ஆக்சிலை ஜாக்கியால் ஏற்றி இறக்குங்கள், போல்ட்டைச் சுத்தியலால் அடித்து நுழைக்காதீர்கள்.

நட்டுகளைக் கையால் ஏற்றி, ஓரளவு பிடிப்பு வரும்வரை மட்டும் இறுக்குங்கள். வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் கண் போல்ட்டுகளுக்கு முழு இறுக்கம் கொடுக்க வேண்டும். பல கண்களில் ரப்பர் புஷ், உள்ளே இருக்கும் குழாயோடு ஒட்டியிருக்கும். தொங்கும் நிலையில் இறுக்கினால் வண்டி இறங்கும்போது ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும். எவ்வளவு இறுக்கம் என்பதை வண்டியின் சர்வீஸ் மேனுவலிலும் ஷாக்கோடு வந்த தாளிலும் பார்த்து டார்க் ரென்ச்சால் இறுக்குங்கள். தண்டு வகையில் ரப்பர் பிதுங்கி வாஷரின் விளிம்புக்குச் சமமாக வந்தால் போதும். நைலான் வளையம் உள்ள நட்டு என்றால் பழையதைத் திரும்பப் போட வேண்டாம்.

தெருவில் இறக்கும் முன்

ஒரு சக்கரத்தைச் சரிவுப் பலகையிலோ மேட்டிலோ மெதுவாக ஏற்றி வண்டியை முறுக்கிப் பாருங்கள். டயர் ஷாக்கின் உடலில் உரசுகிறதா, ஷாக் சேசிஸிலோ பட்டையின் யூ போல்ட்டிலோ இடிக்கிறதா, தனியாக எண்ணெய்க் கலன் உள்ள வகை என்றால் அதன் குழாய் எங்காவது மடங்குகிறதா என்று அடியில் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். பார்ப்பவர் வேறு, ஓட்டுபவர் வேறாக இருக்கட்டும். வண்டியை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஓட்டுபவர் பிரேக்கில் கால் வைத்த பிறகே அருகில் போய்க் குனியுங்கள். முறுக்கி நிற்கும் வண்டியின் அடியில் உடம்பை நுழைக்க வேண்டாம்.

சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் எல்லா நட்டையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். சீலைச் சுற்றி மெல்லிய எண்ணெய்ப் பூச்சு தெரிந்தால் பதற வேண்டாம். உடலில் வழிந்து இறங்கும் கோடு தெரிந்தால்தான் சீல் போயிற்று.

ராடு வெளியே தெரியும் ஷாக் என்றால் ஒரு பிளாஸ்டிக் டையை ராடில், சீலை ஒட்டி, நகரும் அளவுக்கு மட்டும் இறுக்கமாகக் கட்டிவிடுங்கள். ஷாக் அமுங்கும்போது உடல் அதைத் தள்ளிக்கொண்டு போகும், திரும்பும்போது டை அங்கேயே நின்றுவிடும். வழக்கமாகப் போகும் கரடுமுரடான பாதையில் ஓட்டிவந்து பாருங்கள். டைக்கும் ராடின் கோடிக்கும் நடுவே நீங்கள் கணக்கிட்ட 15 மி.மீ. இருந்தால் அளவு சரி. டை கோடி வரை போய் நசுங்கிக் கிடந்தால், அடுத்த பயணத்துக்கு முன் பம்ப் ஸ்டாப்பின் கீழ் இன்னொரு ஸ்பேசர் வையுங்கள்.